முக எலும்பு முறிவும் குறைந்த கதிரளவு சிடி ஸ்கேனும்: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிடி ஸ்கேன் அறையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் ரேடியோகிராபர் நான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஸ்கேன் மேசையில் மட்டுமல்ல, கோயில் மண்டபத்திலும் கல்யாணப் பந்தியிலும் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்ட கேள்விகளே கீழே உள்ளவை. முகத்தில் அடிபட்டவருக்கு மருத்துவர் ‘லோ டோஸ் சிடி’ எழுதிக்கொடுத்தால் மனத்தில் எழும் சந்தேகங்கள்தாம் பெரும்பாலும். உங்களை நேரில் பார்த்த மருத்துவரின் முடிவுக்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குறைந்த கதிரளவு சிடி என்றால் வேறு மெஷினா?

இல்லை, அதே மெஷின்தான். எக்ஸ்ரே குழாய்க்குள் பாயும் மின்னோட்டம், அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தம், மேசை நகரும் வேகம் ஆகியவற்றை மாற்றி அமைக்கிறோம். மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் கதிரளவும் பாதியாகும். மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ட்டிலிருந்து 100-க்கு இறக்கினால், மற்றவை மாறாதிருக்க, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். புதிய கருவிகள் சிலவற்றில் குழாயின் வாயில் வெள்ளீயத் தகடு ஒன்று வந்து நின்றுகொள்ளும். படத்துக்கு உதவாமல் தோலிலேயே தங்கிவிடும் வலுவற்ற கதிர்களை அது வடிகட்டிவிடும்.

“மலிவான ஸ்கேனைப் போட்டு அனுப்பிவிடுகிறார்களோ” என்று ஒருவர் என்னிடம் சற்றுக் கோபமாகவே கேட்டார். மலிவு விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மருத்துவர் எதைத் தேடுகிறாரோ அதற்குப் போதுமான கதிர் போதும் என்பதே இதன் அடிப்படை. எலும்பைத் தேடும்போது மூளைக்குத் தேவையான அளவைக் கொடுப்பது வீண். மூளையைத் தேடும்போது எலும்புக்கான அளவைக் கொடுப்பது ஆபத்து.

கதிரைக் குறைத்தால் படம் மங்கி, முறிவு கண்ணுக்குத் தப்பிவிடாதா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கதிர் குறையும்போது படத்தில் ‘இரைச்சல்’ கூடும். காதால் கேட்கும் இரைச்சல் அல்ல இது. படமெங்கும் உப்பும் மிளகும் தூவியது போலத் தெரியும் புள்ளிப்புள்ளியான சொரசொரப்பு. இது கதிரளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. அதாவது கதிரளவை நான்கில் ஒன்றாகக் குறைத்தால் இரைச்சல் நான்கு மடங்காவதில்லை, இரண்டு மடங்குதான் ஆகும்.

அடுத்தபடியாக, எதை எதிலிருந்து பிரித்துப் பார்க்கப்போகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். சிடியில் ஒவ்வொரு திசுவுக்கும், அது கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் என்று ஒன்று உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, கெட்டியான எலும்புக்கு 1000-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வரும். முகத்தின் எலும்புகள் பல, காற்று நிரம்பிய சைனஸ் அறைகளின் சுவர்களாகவே அமைந்திருப்பதால், எலும்புக்கும் அதன் பக்கத்திலிருக்கும் காற்றுக்கும் இடையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்களின் வேறுபாடு இருக்கிறது. மூளையிலோ சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையே 10 எண்கள் அளவுக்கே வேறுபாடு. கருங்கல் தரையில் அரிசி மாவால் இட்ட கோலம் விடியற்காலை மங்கலிலும் தெரியும். மஞ்சள் துணியில் பட்ட சந்தனக் கறையைப் பட்டப்பகலிலும் தேட வேண்டியிருக்கும். எலும்பு முறிவு அந்தக் கோலத்தைப் போன்றது.

ஆனாலும் எல்லை ஒன்று உண்டு. கண்குழியின் உட்பக்கச் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது; பழைய உடற்கூறியலாளர்கள் அதற்குக் காகிதத் தகடு என்றே பெயர் வைத்தார்கள். அவ்வளவு மெல்லிய எலும்பில், விலகாமல் வெறும் கீறலாக விழுந்த முறிவு, கதிரளவை மிகவும் இறக்கிவிட்டால் இரைச்சலில் மறைந்துபோகலாம். அதனால்தான் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள துண்டுகளாகப் படத்தைக் கட்டி, முன்னிருந்து பார்ப்பது போலவும் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது போலவும் வெட்டிப் பார்க்கிறோம். கூடவே மறைமுகத் தடயங்களையும் தேடுகிறோம். சைனஸ் அறையில் இரத்தம் தேங்கியிருந்தால் அதன் சுவர் எங்கோ உடைந்திருக்கக் கூடும். எல்லா சைனஸ்களும் தெளிவாகக் காற்றோடு இருந்தால், சைனஸ் சுவர்களைத் தொடும் நடுமுக முறிவுகள் இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இந்தத் தடயம் மூக்கெலும்புக்கும், கன்னத்தின் பக்கவாட்டு வளைவுக்கும், கீழ்த்தாடைக்கும் பொருந்தாது. அவை சைனஸோடு சேராதவை.

சாதாரண எக்ஸ்ரே போதாதா? எங்கள் அப்பா காலத்தில் எக்ஸ்ரேதானே எடுத்தார்கள்?

எடுத்தார்கள், தவறவும் விட்டார்கள். முகத்தில் 14 எலும்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் பின்னால் மண்டையோட்டின் அடித்தளம் கெட்டியாக இருக்கிறது. எக்ஸ்ரே இவை அனைத்தையும் ஒரே தட்டில் அடுக்கி அமுக்கிவிடும். இதிலிருந்து தப்ப, நாடியைத் தூக்கி, மூக்கைச் சாய்த்து என்று அடிபட்ட மனிதரைப் பலவிதமாக வளைத்துப் படம் எடுக்க வேண்டியிருந்தது. கழுத்திலும் காயம் இருக்கலாம் என்ற நிலையில் அது நல்லதும் அல்ல.

எக்ஸ்ரேக்கு இன்றும் இடம் உண்டு. தாடை முழுவதையும் ஒரே படமாகச் சுற்றி எடுக்கும் பனோரமிக் எக்ஸ்ரே, கீழ்த்தாடை முறிவுக்கு நல்ல தொடக்கம். மூக்கு மட்டும் உடைந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் எந்தப் படமும் தேவையில்லை. வீக்கம் வடிந்த பிறகு மருத்துவர் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு முடிவு செய்வார். மூக்கின் நடுச்சுவரில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்பதை அன்றைக்கே பார்த்துவிட வேண்டும் என்பது மட்டுமே அதில் அவசரம்.

படம் எப்படி உருவாகிறது? சிடியைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 1979-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டார்கள்: இங்கிலாந்தின் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், ஜோஹன்னஸ்பர்க்கில் 1924-இல் பிறந்த ஆலன் கோர்மாக். கோர்மாக் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தவர். குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் இயற்பியலாளர் பணி காலியானதால், 1956-இல் வாரத்தில் ஒன்றரை நாள் அங்கே போய்வரும் பொறுப்பு அவருக்கு வந்தது. புற்றுநோய்க்குக் கதிர் கொடுப்பவர்கள் உடம்பு முழுவதும் ஒரே பொருளால் ஆனது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதைப் பார்த்து, எலும்பு எங்கே, தசை எங்கே என்று வெளியிலிருந்தே கணக்கிட முடியாதா என்று யோசிக்கத் தொடங்கினார். அலுமினிய உருளையைச் சுற்றி மர வளையம் பொருத்தி, அதன் வழியே கதிரைச் செலுத்தி அளந்தார். கணக்கு சற்றே பிசகியது. தேடிப் பார்த்தபோது, அந்த உருளையின் நடுவில் கொஞ்சம் மாறுபட்ட அலுமினிய முளை ஒன்று செருகப்பட்டிருந்தது தெரியவந்தது. அது அவருக்குத் தெரியாது, கணக்குக்குத் தெரிந்திருந்தது. 1963-இலும் 1964-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகளை அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஹவுன்ஸ்ஃபீல்ட் தம் வழியில் தனியே உழைத்துக் கட்டிய கருவியில், 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டன் பகுதியில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது.

இன்றைய குறைந்த கதிரளவுக்கும் அந்தக் கணக்குக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பழைய முறையில் அளவீடுகளிலிருந்து ஒரே மூச்சில் படத்தைக் கட்டிவிடுவார்கள். இரைச்சலும் சேர்ந்தே வந்துவிடும். இப்போது கணினி ஒரு படத்தை உத்தேசமாகக் கட்டி, அந்தப் படம் உண்மையானால் அளவீடு எப்படி இருந்திருக்கும் என்று திரும்பக் கணக்கிட்டு, வேறுபாட்டைத் திருத்தித் திருத்திக் கட்டுகிறது. படிப்படியான மீள்கட்டமைப்பு என்னும் இந்த வழியால்தான் கதிரை இந்த அளவுக்கு இறக்க முடிகிறது. என் சொந்த அபிப்பிராயம் ஒன்று: மிகையாகத் திருத்திய படம் மெழுகு பூசியது போல வழவழப்பாகிவிடும், மெல்லிய முறிவுக் கோட்டையும் அது சேர்த்தே துடைத்துவிடலாம். கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும் படத்தைத்தான் நான் நம்புவேன்.

கதிரளவு எவ்வளவு என்று எண்ணிக்கையில் சொல்ல முடியுமா?

முடியும். ஒவ்வொரு ஸ்கேனின் முடிவிலும் கருவி ஓர் அளவுப் பட்டியலைத் தரும். அதில் ‘டிஎல்பி’ என்ற எண்ணைப் பாருங்கள்; கதிரளவை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கிய மொத்தம் அது. பெரியவர்களின் தலைப்பகுதிக்கு அந்த எண்ணை 0.0021-ஆல் பெருக்கினால், மில்லிசீவெர்ட் கணக்கில் ஏறத்தாழ உடம்புக்குரிய அளவு கிடைக்கும். டிஎல்பி 300 என்றால் 0.63 மில்லிசீவெர்ட், 60 என்றால் 0.13-க்கும் சற்றுக் குறைவு.

மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் மனிதர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் பெறுகிறார் என்பது உலகக் கணக்கு. அப்படியானால் முதல் ஸ்கேன் சுமார் மூன்று மாத இயற்கைக் கதிருக்கும், இரண்டாவது மூன்று வாரத்துக்கும் குறைவான கதிருக்கும் சமம். கடலோர டர்பனில் இருப்பவரைவிட, 1,700 மீட்டருக்கு மேல் உயரத்திலுள்ள ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பவருக்கு வானத்திலிருந்து வரும் பங்கு கூடுதல். அதற்காக யாரும் வீடு மாறுவதில்லை.

முகத்தோடு தலையிலும் அடிபட்டிருக்கிறது. குறைந்த கதிரளவு ஸ்கேன் ஒன்றே போதுமா?

போதாது. மயக்கம், தொடர் வாந்தி, பேச்சுக் குழறல், மறதி இவற்றில் எது இருந்தாலும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலும், மூளைக்கு முழு அளவுச் சிடி தேவையா என்பதை மருத்துவர் தனியாக முடிவு செய்ய வேண்டும். முகத்துக்கு எடுத்த குறைந்த கதிரளவுப் படத்தின் ஓரத்தில் மூளை கொஞ்சம் தெரிகிறதே, அதில் இரத்தக் கசிவு காணவில்லையே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. அந்தப் படம் அதைச் சொல்லும் தகுதியில் எடுக்கப்படவே இல்லை.

கண்ணின் பின்னால் இரத்தம் தேங்கிக் கண் பிதுங்கி, பார்வை குறைந்துகொண்டே போகிறது என்றால் எந்த ஸ்கேனுக்கும் காத்திருக்கக் கூடாது. அதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்து, உடனே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

கண்ணுக்கு இந்தக் கதிர் கெடுதலா? கண்ணை மூட ஈயக் கவசம் ஏன் போடுவதில்லை?

கண் லென்ஸில் புரை விழுவதற்கான வரம்பாகச் சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் குறித்தது 500 மில்லிகிரே (ஓர் உறுப்பு உள்வாங்கும் கதிரை அளக்கும் அலகு இது). வழக்கமான முகச் சிடியில் லென்ஸுக்குச் சேர்வது சில பத்து மில்லிகிரே; அளவை இறக்கினால் அதிலும் வெகுவாகக் குறையும். கண்குழியே பார்க்கப்பட வேண்டிய இடமாதலால் கண்ணைக் கதிரின் பாதையிலிருந்து விலக்க வழியில்லை. கவசத்தை வைத்தால் அதன் நிழல் கோடுகோடாகப் படத்தைக் கெடுக்கும். கருவியும் ஏமாந்து கதிரைக் கூட்டக் கூடும். மறுபடி எடுக்க நேர்ந்தால் இரட்டிப்புக் கதிர் அல்லவா?

பத்து வயதுப் பையன். கிரிக்கெட் பந்து கண்ணில் பட்டது. கண் வெள்ளையாகவே இருக்கிறது. ஸ்கேன் அவசியமா?

கண் சிவக்கவில்லை, வீங்கவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். சிறுவர்களின் எலும்பு பச்சை மூங்கில் போல வளையும். பந்து பட்ட வேகத்தில் கண்குழியின் தரை கதவு போலக் கீழே திறந்து, கண்ணை அசைக்கும் தசை அதில் இறங்கியதும் மறுபடி மூடிக்கொள்ளும். பையனை மேலே பார்க்கச் சொன்னால் அந்தக் கண் மட்டும் ஏறாது, இரட்டையாகத் தெரிகிறது என்பான், வாந்தி எடுப்பான், நாடித் துடிப்பும் குறையலாம். இதைத் தலைக் காயம் என்று தவறாக எண்ணிவிடுவது உண்டு. மாட்டிய தசைக்கு இரத்தம் போகாமல் நிரந்தரச் சேதம் வந்துவிடும் என்பதால் நாள்கணக்கில் தள்ளிப்போடும் விஷயம் அல்ல இது.

சிறுவர்களின் உடம்பு கதிருக்கு எளிதில் பாதிப்படையும் என்பதால் அளவை அவர்களின் பருமனுக்கேற்பக் குறைத்தே எடுக்க வேண்டும். எலும்பின் திறப்பு மயிரிழை அளவே இருந்தாலும், தசை தவறான இடத்தில் தொங்குவது படத்தில் தெரிகிறதா என்று பார்ப்போம். ஸ்கேன் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி, கண் ஏற மறுத்தால், கண் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

கர்ப்பமாக இருக்கிறேன். எடுக்கலாமா?

எடுக்கலாம். கதிர் முகத்தில்தான் படுகிறது. கருவைச் சேர்வது மில்லிகிரேயில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கர்ப்பம் என்பதை மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

ஸ்கேனுக்கு முன் எதையெல்லாம் கழற்ற வேண்டும்? சாப்பிடாமல் வர வேண்டுமா?

பட்டினி வேண்டாம்; எலும்பைப் பார்க்க ஊசி மருந்தும் வேண்டாம். மூக்குத்தி, தோடு, கழற்றக்கூடிய பல்செட், காது கேட்கும் கருவி, கொண்டை ஊசி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். உலோகத்தைச் சுற்றி நட்சத்திரம் வெடித்தது போலக் கோடுகள் விழும். கதிரளவு குறையக் குறைய அந்தக் கோடுகள் இன்னும் தொல்லை கொடுக்கும். தாலி மார்பில் கிடப்பதால் அதைத் தொட வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் முகம் மலர்ந்த பெண்கள் பலர்.

மூக்குத்தியின் கதை வேறு. குளியலறையில் வழுக்கி விழுந்த ஓர் ஆயா, கன்னம் வீங்கி வந்திருந்தார். நாற்பது ஆண்டுகளாகக் கழற்றாத மூக்குத்தி; திருகாணி அசையவே இல்லை. “ஆயா, கொஞ்சம் எண்ணெய் போட்டுப் பார்க்கட்டுமா?” என்று கேட்டேன். “அது உங்கள் தாத்தா போட்டது, தம்பி. நீ படத்தை எடு, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார். அப்படியே எடுத்தோம். கோடுகள் மூக்கைச் சுற்றி விழுந்தன. கன்ன எலும்பின் முறிவு அவற்றுக்கு அப்பால் தெளிவாகவே தெரிந்தது. கேள்வி கன்னத்தைப் பற்றியது என்பதால் மூக்குத்தியை மன்னிக்க முடிந்தது.

காவடிக்குக் கன்னத்தில் அலகு குத்திய தழும்பு படத்தைக் கெடுக்குமா என்றும் கேட்கிறார்கள். கெடுக்காது. அலகு எலும்பைத் தொடுவதில்லை.

எப்படி அடிபட்டது என்று ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்?

முறிவு எங்கே இருக்கும் என்பதை அடி வந்த திசையே காட்டிக்கொடுக்கும் என்பதால். கீழ்த்தாடை ஏறக்குறைய ஒரு வளையம். பெரும்பாலும் இரண்டு இடங்களில் உடையும். பக்கவாட்டில் குத்து விழுந்தால் குத்து பட்ட இடத்தில் ஒன்றும், எதிர்ப்பக்கத் தாடை மூலையிலோ காதோரத் தாடை மூட்டின் கழுத்திலோ மற்றொன்றுமாக உடைவது வழக்கம். நாடி தரையில் மோத விழுந்தவருக்குக் காதோரத்தில் இரு பக்கமும் மூட்டுக் கழுத்து உடையலாம். “விழுந்துவிட்டேன்” என்று ஒருவர் சொல்ல, படம் குத்தைச் சொல்வதும் உண்டு. அப்போது நாங்கள் நீதிபதி ஆவதில்லை. ஆனால் ஸ்கேன் அறைக்குள் நோயாளியைத் தவிர வேறு யாரும் வர முடியாது. வீட்டுக்காரர் வெளியேதான் நிற்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் எங்களிடம் சொல்லலாம்.

வழக்குத் தொடர விரும்பினால், காயங்களை மருத்துவர் ஜே 88 என்னும் படிவத்தில் பதிவு செய்வார். குறைந்த கதிரில் எடுத்த படம் என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடுமோ என்று ஒரு தங்கை கவலைப்பட்டார். முறிவு தெரிகிறதா என்பதுதான் முக்கியமே தவிர, எவ்வளவு கதிரில் தெரிந்தது என்பது அல்ல. சிகிச்சைக்கு முன் போலீசுக்குப் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவசர மருத்துவ உதவியை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று இந்நாட்டு அரசியல் சாசனத்தின் 27-ஆம் பிரிவே சொல்கிறது.

பல் மருத்துவரிடம் உள்ள கோன் பீம் ஸ்கேன் (கூம்பு வடிவக் கதிரால் எடுக்கும் சிடி வகை) இதைவிடக் குறைந்த கதிர் என்கிறார்களே?

சில அமைப்புகளில் குறைவு. சிலவற்றில் நன்றாக அமைத்த சிடியும் அதற்குச் சமமாக வந்துவிடும். பல், தாடை விஷயத்தில் அதன் கூர்மை மிக அழகு. ஆனால் உட்கார்ந்த நிலையில் பல நொடிகள் அசையாதிருக்க வேண்டும். இரத்தம் ஒழுகும் வாயோடு அது நடக்காது. கண்குழியின் தசையும் கொழுப்பும் அதில் சரியாகத் தெரிவதில்லை. புதிதாக அடிபட்டவருக்குச் சிடியே என் தேர்வு.

அறிக்கையில் ‘லெ ஃபோர்ட் 2’ என்றிருக்கிறது. மிகவும் மோசமா?

1901-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட் வகுத்த பிரிவு அது. மேல்தாடை முகத்திலிருந்து பிரிந்து நிற்பது முதல் வகை. மூக்கையும் சேர்த்துக் கூம்பு வடிவில் பிரிவது இரண்டாவது. முகமே மண்டையோட்டிலிருந்து பிரிவது மூன்றாவது. எண் கூடக் கூட வேலையும் கூடும், ஆனால் எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். எவ்வளவு விலகியிருக்கிறது, பற்கள் சரியாகக் கடிக்கின்றனவா, பார்வை நன்றாக உள்ளதா என்பவைதாம் சிகிச்சையைத் தீர்மானிக்கும்.

‘இன்ஃப்ராஆர்பிட்டல்’ என்ற சொல் இருந்தால், கன்னமும் மேலுதடும் மரத்துப்போனது கண்குழிக்குக் கீழே செல்லும் அந்தப் பெயருள்ள நரம்பால்தான் என்று புரிந்துகொள்ளலாம். விலகாத முறிவு பலவற்றுக்கு அறுவையே வேண்டியதில்லை.

தகடு வைத்து அறுவை முடிந்துவிட்டது. மறுபடியும் ஸ்கேன் எழுதியிருக்கிறார். கட்டாயமா?

எதற்காக என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கண்குழியில் வைத்த தகடு சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா, கன்ன எலும்பு மற்றப் பக்கத்தோடு சமமாக நிற்கிறதா என்பவை நல்ல காரணங்கள். அவற்றுக்குக் குறைந்த கதிரளவே பெரும்பாலும் தாராளம். “வழக்கமாக எடுப்போம்” என்பது எனக்கு நல்ல காரணமாகத் தோன்றவில்லை.

முதல் ஸ்கேனின் படங்கள் பதிந்த குறுந்தட்டை வரும்போது கையோடு கொண்டுவாருங்கள். ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்த படம் கிடைக்காமல், மறுநாளே இன்னோர் ஆஸ்பத்திரியில் அதே முகத்துக்கு மறுபடி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்று மேசையில் படுத்திருந்தவர் என் பெரியப்பா மகன். முந்தைய நாள் தட்டு அவர் காரின் முன்பெட்டியிலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.